சரக்கு லிஃப்டின் முடுக்கம்: கையேட்டில் அடி, டிரைவில் மீட்டர், கைப்பேசியில் ஜி

முதுநகர்_மின்பணி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தை அடுத்துள்ள மீன் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மின்பணி பார்த்து வருகிறேன். தரைத்தளத்தில் வந்து இறங்கும் மீன் பெட்டிகளைப் பனிக்கட்டியோடு மேல்தளத்துக்கு ஏற்றிச் செல்லும் சரக்கு லிஃப்டின் மோட்டார் வெளிநாட்டிலிருந்து வந்த பழையது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியை உப்புக்காற்று அரித்துவிட்டதால் சென்ற மாதம் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் புதிய டிரைவ் ஒன்றைப் பொருத்தினோம். பழைய கையேட்டில் வேகம் நிமிடத்துக்கு 200 அடி என்றும் முடுக்கம் 2 அடி/வி² என்றும் அச்சிட்டிருக்கிறது. புதிய டிரைவோ வேகத்தை மீ/வி என்ற அலகிலும் முடுக்கத்தை மீ/வி² என்ற அலகிலும் கேட்கிறது.

வேகத்தை மாற்றுவதில் எனக்குத் தடுமாற்றம் ஏற்படவில்லை. 200-ஐ 0.3048-ஆல் பெருக்கி, 60-ஆல் வகுத்து, 1.016 என்று பதிந்தேன். முடுக்கத்துக்கு வந்தபோதுதான், வினாடியின் தலைமேல் நின்ற அந்தச் சிறிய 2 என்னைக் குழப்பியது. "இரண்டு முறையிலும் வினாடி ஒன்றுதானே, அதில் மாற்றுவதற்கு என்ன இருக்கிறது, இரண்டையே போடுங்கள்" என்று உடன் பணிபுரிபவர் சொன்னார். அதில் ஏதோ நியாயம் இருப்பதாகப் பட்டதால் 2 என்றே பதிந்துவிட்டேன். லிஃப்ட் கிளம்பிய வேகத்தில் மேலடுக்கில் இருந்த பெட்டிகள் சரிந்து, சங்கரா மீனும் பனிக்கட்டியும் தரையெங்கும் கொட்டின. உள்ளே ஆள் யாரும் இல்லை என்பது மட்டுமே ஆறுதல்.

பிறகு, முடுக்கத்தை அளக்கும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கி, கைப்பேசியை லிஃப்டின் தரையில் கிடத்தி, வெறும் லிஃப்டை ஓட்டிப் பார்த்தேன். அசையாமல் இருக்கும்போது 1.00 ஜி என்று காட்டிய செயலி, கிளம்பும்போது ஏறத்தாழ அரை வினாடிக்கு 1.20 ஜி என்று காட்டியது. 1.20-ஐ 9.8-ஆல் பெருக்கினால் 11.76 மீ/வி² வருகிறது. நான் பதிந்ததோ 2. இது எப்படி? அதே செயலியை மீ/வி² அலகுக்கு மாற்றினால், அசையாத நிலையில் 9.78 என்று காட்டுகிறது, புத்தகங்களில் 9.81 என்றும் 9.8 என்றும் இருக்கிறது. நான் எந்த எண்ணைக் கொண்டு கணக்கிட வேண்டும் என்பதை விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

நெல்லித்தோப்பு_லிஃப்ட் எழுதியது:

வணக்கம் நண்பரே. புதுச்சேரியில் லிஃப்ட் நிறுவும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அமைப்பைச் சரிசெய்து, வெறும் லிஃப்டாகவும் முழுச் சுமையோடும் ஓட்டிப் பார்க்கும் வரை அதில் எதையும் ஏற்ற வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் உடன்பணியாளர் சொன்னதில் பாதி சரி. வினாடி இரு முறைகளுக்கும் பொது என்பதால், வினாடியின் பக்கம் தொட வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் மேலே நிற்கும் நீளத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். 1959-இல் செய்துகொண்ட பன்னாட்டு உடன்பாட்டின்படி ஓர் அடி என்பது துல்லியமாக 0.3048 மீட்டர், தோராயம் அன்று. ஆகவே 1 அடி/வி² என்பதும் துல்லியமாக 0.3048 மீ/வி². உங்கள் 2 அடி/வி² என்பது 0.6096 மீ/வி². டிரைவில் 0.61 என்று பதிய வேண்டிய இடத்தில் 2 பதிந்திருக்கிறீர்கள். அதை அடியில் சொன்னால் 6.56 அடி/வி². கையேடு சொன்னதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

இப்படிப்பட்ட தவற்றைப் பதிவதற்கு முன்பே கண்டுபிடிக்க நான் கையாளும் ஒரு வழியைச் சொல்கிறேன். முழு வேகத்தை எட்ட எத்தனை வினாடி ஆகும் என்பதை இரண்டு முறைகளிலும் தனித்தனியே கணக்கிட்டுப் பாருங்கள். கையேட்டின்படி, நிமிடத்துக்கு 200 அடி என்பது வினாடிக்கு 3.33 அடி, அதை 2-ஆல் வகுத்தால் 1.67 வினாடி. மெட்ரிக் கணக்கின்படி, 1.016-ஐ 0.6096-ஆல் வகுத்தாலும் அதே 1.67 வினாடி. நீங்கள் பதிந்த 2-ஐக் கொண்டு வகுத்தால் 0.51 வினாடிதான் வரும். அடியில் சொன்னாலும் மீட்டரில் சொன்னாலும் அதே லிஃப்ட் அதே நேரத்தில்தான் வேகம் பிடிக்க வேண்டும் என்பதால், இரண்டு விடைகளும் ஒத்துப்போகாவிட்டால் மாற்றத்தில் எங்கோ பிழை என்று பொருள். கைப்பேசியில் அரை வினாடிக்கு உயர்வு தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது இந்த 0.51-தான்.

1.20 ஜி பற்றி: கைப்பேசிக்குள் இருக்கும் உணரி, லிஃப்டின் தரை அதை எவ்வளவு தாங்குகிறது என்பதையே அளக்கிறது, அசையாமல் கிடக்கும்போதும் புவியீர்ப்பை எதிர்த்துத் தாங்குவதால் 1.00 காட்டுகிறது. லிஃப்டின் சொந்த முடுக்கம் வேண்டுமானால் முதலில் அந்த 1.00-ஐக் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் மாற்ற வேண்டும். 0.20-ஐ 9.80665-ஆல் பெருக்கினால் 1.96, உங்கள் 2-க்கு மிக அருகில். செயலி இரண்டு தசமம்தான் காட்டுகிறது என்பதால், இதைவிட நெருக்கமாக எதிர்பார்க்க முடியாது.

பெட்டி சரிந்ததோடு இது நின்றுவிடுவதில்லை, கம்பி வடத்தையும் எண்ணிப் பாருங்கள். கூண்டும் சரக்குமாக 500 கிலோ என்று வைத்துக்கொண்டால், எதிரெடை இல்லாத லிஃப்டின் வடம் அசையாதபோது 4,891 நியூட்டனையும், 0.61-இல் கிளம்பும்போது 5,196 நியூட்டனையும், 2-இல் கிளம்பும்போது 5,891 நியூட்டனையும் தாங்குகிறது. கடைசி இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஏறத்தாழ 71 கிலோ எடையைக் கூடுதலாகக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். ஓட்டும் முன் வடத்தையும் பிரேக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

---

பாகூர்_பிளஸ்ஒன் எழுதியது:

ஐயா, இதே இழையில் என் ஐயத்தையும் கேட்கலாமா? 9.8 மீ/வி² என்பதைக் கி.மீ/மணி² அலகுக்கு மாற்றச் சொல்லி வீட்டுப்பாடம் தந்திருக்கிறார்கள். 3.6-ஆல் பெருக்கி 35.28 என்று எழுதினேன். தவறு என்று அடித்துவிட்டார்கள்.

---

வேகக்கணக்கு எழுதியது:

தம்பி, மீ/வி அலகிலிருந்து கி.மீ/மணி அலகுக்குப் போக 18/5, திரும்பி வர 5/18. வேகமானாலும் முடுக்கமானாலும் இதுதான் சூத்திரம். உங்கள் விடை சரி. திருத்தியவர் கவனிக்கவில்லை போலும்.

---

ஓய்வுபெற்ற_இயற்பியல் எழுதியது:

மேலே உள்ள விடை தவறு என்பதைப் பணிவோடு தெரிவிக்கிறேன். திருத்திய ஆசிரியர் சரியாகவே திருத்தியிருக்கிறார். மாணவரின் 35.28 ஓர் அலகுக்குப் பொருந்தும் எண்தான், ஆனால் அந்த அலகு கேட்கப்பட்டது அன்று.

நாங்கள் படித்த காலத்தில் 'வி²' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும் வழக்கம் குறைவு. 'வினாடிக்கு வினாடி 32 அடி' என்று வாய்விட்டுச் சொல்லித்தான் படிப்போம். அந்தச் சொற்றொடரில் வினாடி இரண்டு முறை வருவது ஓசைக்காக அன்று. அந்த இரண்டு வினாடிகளுக்கும் வேலை வெவ்வேறு. ஒரு வினாடி வேகத்துக்குச் சொந்தமானது: வினாடிக்கு இத்தனை அடி. மற்றொன்று, அந்த வேகம் கூடுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம்: ஒவ்வொரு வினாடியும் அவ்வளவு வேகம் கூடுகிறது. அடுக்குக்குறி 2 என்று சுருக்கி எழுதும்போது இந்த இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள். அதனால்தான் நம் மின்பணியாளர் அந்த 2-ஐக் கண்டு மிரண்டார், இந்த மாணவர் ஒரு வினாடியை மட்டும் மணியாக்கிவிட்டு மற்றொன்றை மறந்தார்.

மாணவரே, 9.8-ஐ 3.6-ஆல் பெருக்கியபோது நீங்கள் வேகத்தின் வினாடியை மட்டும் மணியாக்கினீர்கள். கிடைத்த 35.28 என்பது 'ஒவ்வொரு வினாடியும் மணிக்கு 35.28 கி.மீ. வேகம் கூடுகிறது' என்று பொருள்படும். மாடியிலிருந்து விழும் தேங்காய் ஒரு வினாடி கழித்து ஏறத்தாழ மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் வந்துகொண்டிருக்கும் என்பது இந்த எண்ணிலிருந்து உடனே புலப்படுவதால், என்னைக் கேட்டால் இதுவே நல்ல அலகு. இரயில்வேப் பொறியாளர்களும் மின்தொடர் வண்டிகளின் முடுக்கத்தை இப்படித்தான் கி.மீ/மணி/வினாடி என்று குறிக்கிறார்கள். அதில் 1 என்பது 0.2778 மீ/வி². ஆனால் கேள்வி கேட்டது மணியின் வர்க்கம். ஆகவே இரண்டாவது வினாடியையும் மணியாக்க, இன்னொரு 3,600-ஆல் பெருக்க வேண்டும். 9.8 × 3.6 × 3,600 = 1,27,008 கி.மீ/மணி². ஒரு மணி நேரம் இடைவிடாமல் இதே முடுக்கத்தில் விழுந்தால் எட்டக்கூடிய வேகம் இது. அப்படி எதுவும் விழப்போவதில்லை என்பதால் எண் விநோதமாகத் தெரிகிறதே ஒழிய, கணக்கில் குறையில்லை. 18/5 என்ற விதி நேர அலகு ஒரு முறை மட்டும் வரும் இடத்துக்கு உரியது. முடுக்கத்தில் நேரம் எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணிப் பார்த்த பின்னரே அதை எடுக்க வேண்டும்.

லிஃப்ட் கணக்கில் இந்தத் தொல்லை வரவில்லை. இரு புறமும் வினாடி அப்படியே இருந்ததால் நீளத்தை மட்டும் மாற்றினால் போதுமாயிற்று. ஆனால் பழைய கையேடுகள் சிலவற்றில் முடுக்கத்தையே 'நிமிடத்துக்கு இத்தனை அடி, ஒவ்வொரு வினாடியும்' என்று கலந்து எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால் 0.3048-ஆல் பெருக்கிய பிறகு 60-ஆல் ஒரே ஒரு முறை வகுக்க வேண்டும், 3,600-ஆல் அன்று. 120 அடி/நிமிடம்/வினாடி என்பதும் உங்கள் 2 அடி/வி² என்பதும் ஒன்றே.

பழைய நினைவு ஒன்று. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்குப் புவியீர்ப்பு முடுக்கம் 981 சென்டிமீட்டர். தென்பெண்ணைக்கு அப்பால் மஞ்சக்குப்பத்தில் ஆங்கில வழியில் படித்த என் மாமன் மகனுக்கு அது 32 அடி. கோடை விடுமுறையில் சந்தித்தபோது, 32-ஐவிட 981 பெரிது என்பதால் எங்கள் ஊரில்தான் கல் வேகமாக விழும் என்று நான் சாதித்தேன். ஓர் அடிக்கு 30.48 சென்டிமீட்டர் என்று மாமா வகுத்துக் காட்டி, 32.19 வந்ததும் இருவரையும் உட்கார வைத்தார். பள்ளிப் புத்தகம் 32 என்று வெட்டிவிட்ட அந்தக் கால் அடியைக்கூட விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை என்பது வேறு கதை.

---

நெய்வேலி_புவியியல் எழுதியது:

9.78 பற்றி யாரும் சொல்லவில்லை. ஈர்ப்பு அளவையில் பணிபுரிந்தவள் என்பதால் நான் சொல்கிறேன்.

'ஜி' என்ற எழுத்தில் இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று அலகு: 1901-இல் கூடிய மூன்றாவது பொது எடையளவு மாநாடு 9.80665 மீ/வி² என்று நிலைநிறுத்திய மாறா எண். இதை அடியில் சொன்னால் 32.174 அடி/வி², அங்குலத்தில் சொன்னால் 386.09 அங்குலம்/வி². மற்றொன்று, நீங்கள் நிற்கும் இடத்தில் பொருள்கள் உண்மையில் விழும் முடுக்கம். இது இடத்துக்கு இடம் மாறும். பூமி சுழல்வதாலும் நடுக்கோட்டுப் பக்கம் சற்றுப் புடைத்திருப்பதாலும், கடல்மட்டத்தில் நடுக்கோட்டில் 9.780 ஆகவும் துருவங்களில் 9.832 ஆகவும் இருக்கிறது. 9.80665 என்பது 45 பாகை அகலாங்கைக் கருதி எடுத்த மதிப்பு. நாமோ 12 பாகைக்கும் கீழே வாழ்கிறோம். புதுச்சேரியின் அகலாங்கை வாய்பாட்டில் இட்டால் 9.7825 வருகிறது, கடலூருக்கும் இரண்டு தசமத்தில் அதே 9.78-தான். பெரியவர் படித்த பிரெஞ்சுப் புத்தகத்தின் 981 பாரிஸ் நகரத்துக்குப் பொருந்தும் எண். பாரிஸில் 9.809 என்பதால், அங்கே நேரம் சரிசெய்த ஊசல் கடிகாரத்தைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தால், ஈர்ப்பு வேறுபாடு ஒன்றினாலேயே அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 நிமிடம் பின்தங்கும். 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலார் தென் அமெரிக்காவின் கயேன் ஊரில் இப்படித்தான் தம் கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கக் கண்டார். இடத்துக்கு இடம் ஈர்ப்பு மாறுகிறது என்பதற்கு முதலில் கிடைத்த தடயங்களுள் அது ஒன்று.

ஆகவே மின்பணி நண்பரின் கேள்விக்கு விடை இதுதான். செயலி காட்டும் ஜி-யை மீ/வி² ஆக்க 9.80665-ஐயே பயன்படுத்துங்கள், ஏனெனில் அது அலகு மாற்றம். வடத்தின் மேல் விழும் விசையையோ சரக்கின் எடையையோ கணக்கிட 9.78-ஐப் பயன்படுத்துங்கள், ஏனெனில் அது நம் ஊரின் ஈர்ப்பு. லிஃப்ட்காரர் 4,891 என்று எழுதியபோது இந்த 9.7825-ஐத்தான் எடுத்திருக்கிறார். லிஃப்ட் வேலைக்கு இந்தக் கால் விழுக்காட்டு வேறுபாடு பொருட்டே அன்று. இருந்தாலும் எதை எதற்கு எடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கைப்பேசி 9.78 காட்டியதை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். அந்த உணரிகளில் சில நூறில் ஒரு பங்கு பிழை எளிதில் இருக்கும். சரியான எண் தற்செயலாகவும் வந்திருக்கலாம். சமதளத்தில் திரை மேலாக ஒரு முறையும், திரை கீழாக ஒரு முறையும் கிடத்தி, இரண்டு அளவுகளின் குறியை நீக்கிச் சராசரி எடுத்தால், ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் பிழை கழிந்துவிடும்.

எங்கள் துறையின் அலகு இன்னொன்று: கலிலியோவின் பெயரால் வழங்கும் 'கால்'. தமிழில் எழுதினால் அரை, கால், அரைக்கால் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதால் நான் எப்போதும் மேற்கோள் குறியிட்டே எழுதுகிறேன். 1 'கால்' என்பது 1 செ.மீ/வி², அதாவது 0.01 மீ/வி². ஓர் அடி/வி² என்பது 30.48 'கால்'. நிலத்தடியில் பாறை அடர்த்தி மாறும்போது ஏற்படும் ஈர்ப்பு வேறுபாடு மிகச் சிறிது என்பதால், நாங்கள் அதன் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிகாலில் வேலை செய்கிறோம். தரையிலிருந்து மேலே ஏற ஏற, மீட்டருக்கு 0.3086 மில்லிகால் ஈர்ப்பு குறையும். உங்கள் லிஃப்ட் 12 மீட்டர் ஏறினால் 3.7 மில்லிகால் குறைந்திருக்கும். எங்கள் ஈர்ப்புமானி அதைக் காட்டிவிடும். கைப்பேசியின் இரண்டாவது தசமமோ 1,000 மில்லிகாலுக்கு ஒரு முறைதான் அசையும்.

---

முதுநகர்_மின்பணி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. வடத்தையும் பிரேக்கையும் பார்த்துவிட்டு, 0.61 என்று பதிந்து, வெறும் லிஃப்டை ஓட்டினேன். கிளம்பும்போது செயலி 1.06 காட்டியது, 0.06-ஐ 9.80665-ஆல் பெருக்க 0.59 வருகிறது. முழுச் சுமையோடு ஓட்டியபோதும் பெட்டி எதுவும் நகரவில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. நிற்கும்போதைய எதிர்முடுக்கம் கையேட்டில் 3 அடி/வி². அதை 0.9144 மீ/வி² என்று மாற்றி, 0.91 என்று பதிந்தேன். மேலே போய் நிற்கும் தறுவாயில் செயலியும் 0.91 என்றே காட்டியது. பதிந்த எண்ணே வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். பிறகுதான் செயலி ஜி அலகில் இருந்ததைக் கவனித்தேன். அப்படியானால் 8.9 மீ/வி² என்றல்லவா ஆகிறது?

---

நெல்லித்தோப்பு_லிஃப்ட் எழுதியது:

தற்செயலாக எண்கள் ஒன்றிப்போயிருக்கின்றன, கவலை வேண்டாம். 0.9144-ஐ 9.80665-ஆல் வகுத்தால் 0.093 ஜி. மேலே போகும் லிஃப்ட் வேகம் குறையும்போது தரை தாங்குவது அந்த அளவுக்குக் குறைவதால், 1-லிருந்து 0.093 கழிந்து 0.907, செயலி அதை 0.91 என்று முழுமையாக்கிவிட்டது. டிரைவில் இருக்கும் 0.91-க்கும் இதற்கும் உறவே இல்லை. ஐயமிருந்தால் இறங்கி வரும்போது அளந்து பாருங்கள். கீழே வந்து நிற்கும் தறுவாயில் அதே எதிர்முடுக்கம் 1.09 என்று காட்ட வேண்டும்.

---

முதுநகர்_மின்பணி எழுதியது:

இப்போதுதான் இறக்கிப் பார்த்தேன் ஐயா. 1.09.